ஸ்மார்ட் பவர் வீல்சேர்: வாங்க நினைப்பவர்களும் வீட்டில் உள்ளவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்மார்ட் வீல்சேர் என்றால் மோட்டார் வைத்த வீல்சேர்தானே?

இல்லை. விற்பவர்கள்தான் குழப்பி வைத்திருக்கிறார்கள். ரிமோட் இருந்தால் ஸ்மார்ட், மொபைலில் பேட்டரி அளவு தெரிந்தால் ஸ்மார்ட், போன் சார்ஜ் போட ஒரு ஓட்டை இருந்தால்கூட ஸ்மார்ட். ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினால் ஓடி, விட்டால் நிற்கிற நாற்காலி வெறும் பவர் வீல்சேர். எதிரே சுவர் இருந்தாலும் தள்ளினால் போய் இடிக்கும், ஏனென்றால் சுவர் இருப்பது அதற்குத் தெரியாது. இந்தப் பக்கத்தில் நான் ஸ்மார்ட் என்று சொல்வது, சுற்றிலும் என்ன இருக்கிறது என்று சென்சாரால் பார்த்து, ஓட்டுபவர் சொல்வதையும் கேட்டு, இரண்டையும் சேர்த்துச் சக்கரத்தை ஓட்டுகிற நாற்காலியை. இடிக்கப் போனால் வேகத்தைக் குறைக்கும், படிக்கட்டு விளிம்பில் நிற்கும், வாசலுக்குள் நுழையும்போது கொஞ்சம் நேராக்கிக் கொடுக்கும்.

முழுசாகப் புது வண்டியாகத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. இருக்கிற பவர் வீல்சேரில் மாட்டிக்கொள்ளும் சென்சார் தொகுப்பாகவும் வருகிறது. வெளிநாட்டில் இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் இந்த வகைதான்.

யாருக்கு இது நிஜமாகவே தேவை?

கை நன்றாக வேலை செய்கிறது, கண் தெரிகிறது, இடுப்புக்குக் கீழேதான் பிரச்சினை என்றால் இது உங்களுக்குத் தேவையே இல்லை. அந்தக் காசை நல்ல இருக்கைக்கும் நல்ல பேட்டரிக்கும் போடுங்கள்.

கை நடுங்குபவர்கள், செரிப்ரல் பால்சியால் (பெருமூளை வாதம்) கை திடீரென்று இழுத்துக்கொள்பவர்கள், கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவர்கள், ஏஎல்எஸ் போல மாதத்துக்கு மாதம் பலம் குறைந்துகொண்டே போகிற நோய் உள்ளவர்கள், நடக்க முடியாததோடு பார்வையும் குறைந்தவர்கள், பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு பக்கத்தில் இருப்பதையே மூளை கவனிக்காமல் விட்டுவிடுகிறவர்கள்: இவர்களுக்குத்தான் இது. 2000-ல் அமெரிக்காவில் சிகிச்சையாளர்களிடம் ஒரு கருத்தாய்வு எடுத்தார்கள். பவர் வீல்சேர் ஓட்டப் பயிற்சி பெற்றவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு அன்றாட வாழ்க்கையில் அதை ஓட்டுவது மிகக் கடினம் அல்லது முடியவே முடியாது என்று பதில் வந்தது. குறிப்பாக வளைத்துத் திருப்பி ஓட்டுவதைப் பற்றிக் கேட்டபோது அந்த எண்ணிக்கை 40 சதவீதமானது. ஹாலில் நேராகப் போவது எல்லோருக்கும் வந்துவிடும், பாத்ரூமுக்குள் திருப்பி நுழைவதுதான் வராது என்பதைத்தான் அந்த இரண்டு எண்ணும் சொல்கின்றன.

வயதானவர்கள் விஷயம் தனி. கனடாவில் முதியோர் இல்லங்களில் ஞாபகமறதி உள்ளவர்களுக்குப் பவர் வீல்சேர் ஓட்ட அனுமதி கிடைப்பது கஷ்டம், யார் மேலாவது ஏற்றிவிடுவார்கள் என்ற பயம். அதைப் பார்த்துவிட்டு ஆராய்ச்சியில் இறங்கியவர் பூஜா விஸ்வநாதன். பிறகு டொரண்டோவில் பிரேஸ் மொபிலிட்டி என்ற நிறுவனத்தைத் தொடங்கி, எந்த வீல்சேரிலும் மாட்டக்கூடிய சென்சார்களைக் கொண்டுவந்தார். அந்தச் சென்சார் வண்டியை நிறுத்தாது. பின்னால், பக்கவாட்டில் ஏதாவது இருந்தால் வெளிச்சம், சத்தம், அதிர்வு மூலம் சொல்லும், அவ்வளவுதான். நிறையப் பேருக்கு அதுவே போதும்.

இது இப்போது வந்த ஏஐ சமாச்சாரமா?

அதெல்லாம் இல்லை. பவர் வீல்சேரே போருக்குப் பிந்தைய பிள்ளை. இரண்டாம் உலகப் போரில் கழுத்தெலும்பு முறிந்து திரும்பிய வீரர்களுக்காகக் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஜார்ஜ் கிளைன் என்ற பொறியாளர் வடிவமைத்தார். 1956-ல் அமெரிக்காவின் எவரெஸ்ட் அண்ட் ஜென்னிங்ஸ் நிறுவனம் பெரிய அளவில் தயாரிக்கத் தொடங்கியது. (மடக்கு வீல்சேரை 1933-ல் கொண்டுவந்தவர்களும் அவர்கள்தான். அந்த எவரெஸ்ட், சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்து கால்கள் செயலிழந்த ஒரு சுரங்கப் பொறியாளர்.)

மூளை வைத்த நாற்காலிகள் 1980-களிலேயே ஆராய்ச்சிக்கூடங்களில் ஓட ஆரம்பித்தன. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் கால் சென்டரில் (போன் எடுக்கும் கால் சென்டர் இல்லை, மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்விக்கான மையம்) குழந்தைகளுக்காக ஒன்று செய்தார்கள். சுவரில் முட்டினால் தானே பின்வாங்கித் திரும்பும், தரையில் ஒட்டிய கோட்டைப் பிடித்துக்கொண்டு போகும். 1990-களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வந்த நாவ்சேர் என்ற நாற்காலியில் மீயொலி (காதுக்குக் கேட்காத ஒலி) சென்சார்கள் ஒரு டஜன் இருந்தன. எந்தப் பக்கம் காலி, எந்தப் பக்கம் அடைப்பு என்று கணக்குப் போட்டு ஓட்டுபவர் காட்டிய திசைக்கு மிக அருகில் உள்ள காலி வழியில் போகும். இன்று விளம்பரங்களில் புதுசு என்று காட்டுவதில் பாதி அப்போதே செய்து பார்த்தது. அப்புறம் ஏன் வீடுகளுக்கு வரவில்லை என்றால், சென்சாரும் கணினியும் வீல்சேரைவிட விலை அதிகம், இடித்தால் யார் பொறுப்பு என்ற வழக்குப் பயம், காப்பீட்டு நிறுவனங்கள் காசு தராதது, இந்த மூன்றும்தான்.

நாற்காலிக்கு எப்படிக் கண் தெரிகிறது?

நான்கைந்து வழி இருக்கிறது, எதுவும் முழுசு இல்லை. வாங்குபவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

மீயொலி சென்சார் மலிவு. காரில் ரிவர்ஸ் எடுக்கும்போது பீப் பீப் என்கிறதே, அதேதான். ஒலியை அனுப்பி எதிரொலி திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும். ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் சுவரிலிருந்து எதிரொலி வர 6 மில்லிசெகண்ட்கூட ஆகாது. ஆனால் கனமான திரைச்சீலை, மெத்தை, சோபா போன்றவை ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். வழவழப்பான பரப்பு சாய்வாக இருந்தால் ஒலி வேறு பக்கம் தெறித்துப் போய்விடும், திரும்பி வராது. நம் வீட்டு ஸ்டீல் பீரோவைச் சாய்வாக நெருங்கினால் நாற்காலிக்கு அங்கே எதுவுமே இல்லாத மாதிரி இருக்கும்.

லிடார் லேசர் ஒளியால் அளக்கும், துல்லியம் அதிகம். ஆனால் கண்ணாடிக் கதவு அதற்குத் தெரியாது, ஒளி நேரே உள்ளே போய்விடும். விலை குறைந்த லிடார் ஒரே மட்டத்தில் மட்டும்தான் பார்க்கும். முழங்கால் உயரத்தில் மாட்டினால் மேசையின் கால்கள் தெரியும், மேசைப் பலகை தெரியாது. கால்களுக்கு நடுவில் வழி இருக்கிறதே என்று உள்ளே போக, பலகை வந்து உங்கள் நெஞ்சில் முட்டும். அகச்சிவப்புச் சென்சார்களுக்கு வெயில் ஆகாது. வீட்டுக்குள் சமத்தாக இருப்பது மத்தியான வெயிலில் மொட்டை மாடிக்குப் போனால் தடுமாறும். கேமராவுக்கு இருட்டு ஆகாது.

அதனால்தான் உருப்படியானவை எல்லாவற்றையும் கலந்து வைக்கின்றன. 2020-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த லூசி என்ற தொகுப்பில் இரட்டைக் கேமரா, அகச்சிவப்பு, மீயொலி, ரேடார் எல்லாம் உண்டு. அதை உருவாக்கியவர்கள் பாரி டீன், ஜெரெட் டீன் என்ற அண்ணன் தம்பி. பாரி பாட்டு எழுதுபவர், அவருடைய மகளுக்கு செரிப்ரல் பால்சி. போன் பேசுகிறது, கார் தானே நிற்கிறது, மகளின் வீல்சேர் மட்டும் ஏன் இன்னும் அப்படியே இருக்கிறது என்ற எரிச்சலில் பிறந்த பொருள்.

எல்லாச் சென்சாருக்கும் பொதுவான பெரிய தலைவலி பள்ளம். எதிரே நிற்கும் பொருளைக் கண்டுபிடிப்பது சுலபம், எதிரே இல்லாத தரையைக் கண்டுபிடிப்பது கஷ்டம். இறங்கும் படி, நடைபாதை விளிம்பு, மூடி போடாத சாக்கடை. சுவரில் இடித்தால் காலில் அடிபடும், படியில் உருண்டால் உயிருக்கே ஆபத்து. எனவே யார் டெமோ காட்டினாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "பள்ளத்தைப் பார்க்குமா? முன்னால் மட்டுமா, பின்னால் போகும்போதுமா?"

கை அசையாதவர் எப்படி ஓட்டுவார்?

உடம்பில் எது ஒன்று நம்பிக்கையாக அசைகிறதோ அதை வைத்து. தாடையால் தள்ளும் சின்ன ஜாய்ஸ்டிக் உண்டு. தலைக்குப் பின்னாலும் பக்கங்களிலும் மெத்தை மாதிரி சென்சார் வைத்து, தலை சாய்க்கும் பக்கம் போக வைக்கலாம். வாயில் ஒரு குழாயை வைத்து ஊதினால் ஒன்று, உறிஞ்சினால் ஒன்று என்று கட்டளை கொடுக்கலாம். பல ஆண்டுகளாக உலகம் முழுக்கப் புழக்கத்தில் உள்ள முறை இது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் நாக்கில் குட்டிக் காந்தம் குத்திக்கொண்டு நாக்கை அசைத்தே ஓட்டும் முறையைச் செய்தார்கள். 2013-ல் வெளியான ஆய்வில், ஊதி உறிஞ்சும் முறையைவிட அது வேகமாக வேலை செய்தது.

மூளை அலை? அதுவும் இருக்கிறது. 2022-ல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகக் குழு, கை கால் நான்கும் செயலிழந்த மூன்று பேருக்குத் தலையில் மின்முனைத் தொப்பி மாட்டிப் பயிற்சி கொடுத்தது. இரண்டு கைகளையும் அசைப்பதாக நினைத்தால் ஒரு பக்கம் திரும்பும், இரண்டு கால்களையும் அசைப்பதாக நினைத்தால் மறுபக்கம். சாமான் நிறைந்த அறையில் ஓட்டிக் காட்டினார்கள். மூளை சொன்னது "இந்தப் பக்கம்" என்பது மட்டும்தான். கட்டிலில் இடிக்காமல் போனது சென்சாரின் வேலை.

இதைக் கவனியுங்கள். கட்டளை எவ்வளவு மெல்லியதோ, நாற்காலிக்கு அவ்வளவு புத்தி வேண்டும். ஜாய்ஸ்டிக் இருப்பவர் நொடிக்கு நொடி திருத்திக்கொள்வார். ஊதி உறிஞ்சி ஓட்டுபவர் "போ" என்று சொல்லிவிட்டு அடுத்து "நில்" என்று சொல்வதற்குள், மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் அரை நொடி தாமதித்தாலே முக்கால் மீட்டருக்கு மேல் போயிருப்பார். அந்த முக்கால் மீட்டரைப் பார்த்துக்கொள்ளத்தான் சென்சார்.

அப்படியானால் ஓட்டுவது நானா, அதுவா?

நீங்கள்தான். நீங்களாக இல்லையென்றால் அந்த வண்டியை வாங்காதீர்கள்.

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். எந்தச் சந்தைக்குப் போவது என்று வண்டிக்காரர்தான் முடிவு செய்வார், ஆனால் அவர் கண்ணயர்ந்தாலும் மாடு கிணற்றில் இறங்காது. எங்கே, எப்போது, எவ்வளவு வேகம் என்பது மனிதருடையது. அதற்குள் இடிக்காமல் போவது இயந்திரத்துடையது. ஆராய்ச்சியாளர்கள் இதைப் பகிர்ந்த கட்டுப்பாடு என்கிறார்கள்.

சொல்ல எளிது, செய்யச் சிக்கல். கதவருகே என்ன நடக்கிறது என்று பாருங்கள். நாற்காலி அகலம் 64 சென்டிமீட்டர், கதவு 75. இரண்டு பக்கமும் ஐந்தரை சென்டிமீட்டர் இடைவெளி. வெறும் "தடையிலிருந்து விலகு" என்ற விதி மட்டும் இருந்தால் நாற்காலி கதவுக்குள் நுழையவே நுழையாது, இரண்டு நிலையும் அதன் கண்ணுக்குத் தடை. வாசலில் நின்று அடம்பிடிக்கும். விதியைத் தளர்த்தினால் உள்ளே போகும், ஆனால் வேறு இடத்தில் சுவரை உரசும். நாவ்சேரில் இதற்காகவே கதவு கடக்கத் தனி முறை, சுவர் ஓரமாகப் போகத் தனி முறை, பொதுவாகத் தடை தவிர்க்கத் தனி முறை என்று வைத்தார்கள். இப்போது ஓட்டுபவருக்கு எது வேண்டும் என்று நாற்காலி எப்படி ஊகிக்கும்? மேசையை நெருங்குவது இடிக்கவா, சாப்பிட உட்காரவா? மனைவியை நெருங்குவது மோதவா, பக்கத்தில் இருக்கவா? மூன்றடிக்கு முன்பே நின்றுவிடுகிற நாற்காலியோடு வாழ்வது அவஸ்தை. நிறையப் பேர் ஒரு வாரத்தில் சென்சாரை அணைத்துவிடுவார்கள், நியாயம்தான்.

அதனால் அந்த அணைக்கிற பொத்தான் ஓட்டுபவரின் கைக்கோ தலைக்கோ எட்ட வேண்டும். பராமரிப்பவர் மட்டும் எட்டக்கூடிய இடத்தில், நாற்காலியின் முதுகுப் பக்கம் வைத்திருக்கும் மாடல்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

தானாகவே ஓடுகிற வீல்சேர் எங்குமே இல்லையா?

இருக்கிறது. டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் 2020 முதல் வில் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் நாற்காலிகள் ஓடுகின்றன. உட்கார்ந்து விமான வாயிலைத் தேர்ந்தெடுத்தால் கொண்டுபோய் விட்டுவிட்டு, காலியாகத் தானே திரும்பிவிடும். விமான நிலையத்தில் தரை சமம், வரைபடம் மாறாது, வெளிச்சம் ஒரே மாதிரி. நம் வீட்டில் காலையில் இல்லாத முக்காலி மத்தியானம் நடு ஹாலில் இருக்கும்.

படி ஏறுமா?

டீன் கேமன் உருவாக்கிய ஐபாட் (பாட்டுக் கேட்கும் ஐபாட் இல்லை) ஏறும். இரண்டிரண்டாகச் சேர்ந்த சக்கரங்கள் ஒன்றின் மேல் ஒன்று உருண்டு ஏறும், இரண்டு சக்கரத்தில் நிமிர்ந்து நின்று எதிரில் இருப்பவரின் கண் மட்டத்துக்கு வரும். 2003-ல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது, விலை 20,000 டாலருக்கு மேல். காப்பீடு கைவிரித்தது, விற்பனை போதவில்லை, 2009-ல் நிறுத்திவிட்டார்கள். பிறகு மோபியஸ் மொபிலிட்டி என்ற நிறுவனம் வழியாகத் திரும்ப வந்திருக்கிறது. நம் ஊரில் படிக்கு அருகே ஒரு சாய்தளம் போட ஆகும் செலவை நினைத்துப் பாருங்கள்.

சென்சார் இல்லாமலே ஓட்டுவதைச் சுலபமாக்க முடியுமா?

முடியும், முதலில் அதைத்தான் செய்ய வேண்டும். யாரும் கேட்காத கேள்வி என்பதால் நானே சேர்த்திருக்கிறேன்.

நல்ல பவர் வீல்சேரின் கன்ட்ரோலரை (மோட்டாரை இயக்கும் மின்னணுப் பெட்டி) ஆளுக்கேற்ப மாற்றி அமைக்கலாம். ஜாய்ஸ்டிக் எவ்வளவு நகர்ந்த பிறகு வண்டி கிளம்ப வேண்டும், எவ்வளவு மெதுவாக வேகம் எடுக்க வேண்டும், திரும்பும்போது எவ்வளவு வேகம், கை நடுக்கத்தை எவ்வளவு வடிகட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு உண்டு. பெட்டியிலிருந்து எடுத்த அளவிலேயே ஓட்டக் கொடுத்துவிட்டு "இவருக்கு ஓட்ட வராது" என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கிறது. அரை மணி நேரம் உட்கார்ந்து திரும்பும் வேகத்தைக் குறைத்து, நடுக்க வடிகட்டியைக் கூட்டினால் அதே ஆள் கதவுக்குள் நுழைந்துவிடுவார். முழங்கைக்குத் தாங்கல் இல்லாமல் தோளிலிருந்தே ஜாய்ஸ்டிக்கைத் தள்ள வைப்பது இன்னொரு பொதுவான தப்பு.

இதையெல்லாம் பார்த்துச் செய்யத் தெரிந்தவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்). விற்பனைப் பிரதிநிதி அல்ல. வேலூர் சிஎம்சியின் மறுவாழ்வுப் பிரிவு, சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவமனை, முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் போன்ற இடங்களில் கேட்டுப் பாருங்கள். வேலூரில் அந்தத் துறையை வளர்த்தவர் டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் நடந்த விபத்துக்குப் பிறகு வீல்சேரில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர்.

இருக்கையில் என்ன ஸ்மார்ட்?

நாள் முழுக்க அசையாமல் உட்காருபவருக்கு சுவரில் இடிப்பதைவிடப் பெரிய எதிரி படுக்கைப்புண். உணர்வு இல்லாததால் வலிக்காது, பார்க்கும்போது ஆழமாகியிருக்கும். இருக்கை முழுசாகப் பின்னால் சாய்கிற வசதி இருந்தால் பிட்டத்தில் உள்ள எடை முதுகுக்கு மாறும். ஆனால் கொஞ்சமாக, 10 டிகிரி சாய்ந்தால் சுகமாக இருக்குமே தவிர அழுத்தம் பெரிதாகக் குறையாது, நன்றாகவே சாய வேண்டும். எத்தனை தடவை சாய்ந்தீர்கள், எவ்வளவு நேரம், போதுமான கோணமா என்று கணக்கு வைத்து நினைவூட்டும் செயலியைப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். அங்குள்ள வீல்சேர் ஆய்வகத்தை நிறுவிய ரோரி கூப்பரும் வீல்சேரில் இருப்பவர்தான், 1988 சோல் பாராலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர். என்னைக் கேட்டால், காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் சென்சாரை விட்டுவிட்டுச் சாயும் இருக்கையை வாங்கச் சொல்வேன்.

இந்தியாவில் என்ன கிடைக்கிறது?

ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையிலான டிடிகே மையம் பல ஆண்டுகளாக மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளை உருவாக்கும் வேலையில் இருக்கிறது. எழுந்து நிற்க உதவும், கையால் இயக்கும் அரைஸ் நாற்காலி 2019-ல் வந்தது. அங்கிருந்து கிளம்பிய நியோமோஷன் நிறுவனம், உடம்பு அளவுக்குச் செய்து தரும் நியோஃப்ளை நாற்காலியையும், அதன் முன்னால் மாட்டினால் மூன்று சக்கர மின் வண்டியாக மாறி மணிக்கு 25 கிலோமீட்டர் வரை ஓடும் நியோபோல்ட்டையும் விற்கிறது. மின்சாரத்தில் எழுந்து நிற்கும் நியோஸ்டாண்ட் 2024-ல் வந்தது. மேலே சொன்ன அர்த்தத்தில் இவை ஸ்மார்ட் இல்லை, சென்சார் வைத்துத் தடை பார்ப்பவை அல்ல. ஆனால் நம் ஊர்ச் சாலையையும் நம் சட்டைப் பையையும் மனதில் வைத்துச் செய்தவை.

அரசாங்கம் தருமா?

தசைச்சிதைவு நோய், முதுகுத்தண்டுவட பாதிப்பு உள்ளவர்களுக்குத் தமிழ்நாடு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை பேட்டரி வீல்சேர் தருகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், தேசிய அடையாள அட்டை கையில் இருக்கட்டும். மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டத்தில் கான்பூரில் உள்ள அரசு நிறுவனமான அலிம்கோவின் தயாரிப்புகள் முகாம்களில் கிடைக்கின்றன. சென்சாரை எதிர்பார்க்காதீர்கள். முகாமில் ஒரே அளவு நாற்காலியை எல்லோருக்கும் கொடுத்தால், இடுப்பு அகலத்தை அளந்து தரச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

நம் ஊர்த் தெருவில் இதெல்லாம் ஓடுமா?

வீட்டுக்குள்ளிருந்தே ஆரம்பிக்கலாம். பழைய வீடு என்றால் நிலைப்படி இருக்கும். மஞ்சள் குங்குமம் வைத்த படியை வெட்டு என்றால் பாட்டி விடமாட்டார், வெட்டவும் வேண்டாம். சாய்தளத்துக்கு விதி ஒன்றுக்குப் பன்னிரண்டு: 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு 60 சென்டிமீட்டர் நீளம். படிக்கு இரண்டு பக்கமும் எடுத்து வைக்கிற மாதிரி பலகை செய்துகொள்ளலாம். வெளிவாசலில் மூன்று படி, மொத்தம் 45 சென்டிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட ஐந்தரை மீட்டர் வேண்டும். அங்கேதான் நிறைய வீடுகளில் கணக்கு உதைக்கும், சாய்தளம் தெருவுக்கே வந்துவிடும். செங்குத்தாகப் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், நாற்காலி பின்பக்கமாகக் கவிழும்.

தெருவில் எந்தச் சக்கரத்தில் மோட்டார் இருக்கிறது என்பது முக்கியம். நடுச்சக்கரத்தில் மோட்டார் உள்ளவை இருந்த இடத்திலேயே சுற்றித் திரும்பும், வீட்டுக்குள் ராஜா. ஆனால் பள்ளம் மேடான ரோட்டில் முன்னும் பின்னும் உள்ள சின்னச் சக்கரங்கள் மேட்டில் ஏறிக்கொள்ள, நடுச்சக்கரம் அந்தரத்தில் சுற்றிக்கொண்டு நிற்கும். வெளியே அதிகம் போகிறவர்கள் பின்சக்கர அல்லது முன்சக்கர மோட்டாரை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மற்றபடி சென்சார் எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் நடைபாதையில் நிறுத்திய பைக்கை நகர்த்தாது. 2022 நவம்பரில் மெரினாவில் கடல் வரை மரப்பாதை போட்டார்கள், 263 மீட்டர். பல பேர் முதல்முறையாக அலை அருகே போனார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் ஒரு பகுதி பெயர்ந்தது, பிறகு சரிசெய்தார்கள். அந்தப் பாதையில் சாதாரண நாற்காலியும் ஓடும். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் வசதிக்கான தரங்களில் கட்டாயமானவற்றைத் தனியாக வகுக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. உங்கள் ஊர் அரசு அலுவலகத்தில் சாய்தளம் இல்லையென்றால் மனு எழுதும்போது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தையும் இதையும் குறிப்பிடுங்கள்.

இதில் உட்கார்ந்தால் பிள்ளை நடக்கவே முயற்சி செய்ய மாட்டானே, சோம்பேறியாகிவிட மாட்டானா?

எல்லா வீட்டிலும் யாராவது ஒரு பெரியவர் கேட்பார், பெரும்பாலும் மாமாவோ சித்தப்பாவோ. சிகிச்சையாளர்கள் பார்த்தவரை நடப்பது நேர்மாறு. தன் இஷ்டத்துக்கு ஓர் இடத்துக்குப் போய்ப் பழகிய குழந்தைக்குத்தான் பேச்சும் ஆர்வமும் கூடுகிறது. எடின்பரோவில் குழந்தைகளுக்கு அந்த முட்டினால் திரும்பும் நாற்காலியைக் கொடுத்ததும் அதற்காகத்தான், தப்பு செய்து பழகட்டும், அடிபடாமல் பழகட்டும் என்று. நடைப்பயிற்சி காலையில் ஒரு மணி நேரம் நடக்கட்டும். மிச்ச நேரம் தம்பியைத் துரத்திக்கொண்டு ஓடட்டும்.

விமானத்தில் கொண்டுபோகலாமா?

பேட்டரிதான் கேள்வி. கசியாத லெட் பேட்டரி (ஜெல் வகை) நாற்காலியோடே போகலாம். கழற்றக்கூடிய லித்தியம் என்றால் 300 வாட்-அவர் வரை, கழற்றிக் கையோடு கேபினுக்குள் எடுத்துப்போக வேண்டும். இரண்டு பேட்டரி என்றால் ஒவ்வொன்றும் 160-க்குள். கணக்கு சுலபம்: வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்குங்கள். 24 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் என்றால் 240, சரி. அதே 24 வோல்ட்டில் 20 என்றால் 480, கழற்றி எடுத்துப்போக விடமாட்டார்கள். வாங்கும்போதே பாருங்கள். பயணத்துக்கு முன் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், ஜாய்ஸ்டிக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் என்ன சோதிக்க வேண்டும்?

கடையில் ஓட்டிப் பார்ப்பது போதாது, கடைத் தரை பளிங்கு. வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பாத்ரூம் கதவு, கட்டில் ஓரம், சாப்பாட்டு மேசை, கண்ணாடிக் கதவு இருந்தால் அது, ஸ்டீல் பீரோ. திரைச்சீலை பக்கம் ஓட்டுங்கள். படிக்கட்டு விளிம்பில் ஆளை உட்கார வைத்துச் சோதிக்காதீர்கள், அரிசி மூட்டையை வைத்து ஓட்டுங்கள். மின்தடை நேரத்தில் இருட்டில் ஒருமுறை. சென்சார் பழுதானால் வண்டி நிற்குமா, சாதாரண நாற்காலியாக ஓடுமா என்று கேளுங்கள். சாலை நடுவில் நின்றுவிடுகிற வண்டி வேண்டாம். உதிரி பாகம் எந்த ஊரில் இருந்து வரும், எத்தனை நாளில் வரும் என்பதை எழுதி வாங்குங்கள்.

வழியில் பேட்டரி தீர்ந்தால்?

மோட்டார் பக்கத்தில் ஒரு நெம்புகோல் இருக்கும், அதை விடுவித்தால் கையால் தள்ளலாம். பெரிய நாற்காலி ஆளோடு சேர்த்து 200 கிலோ தாண்டும், இரண்டு பேர் வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: நெம்புகோலை விடுவித்ததும் பிரேக்கும் போய்விடும். மேம்பாலச் சரிவிலோ சாய்தளத்திலோ நிற்கும்போது அதைத் தொடவே கூடாது, முதலில் சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

மழையில் நனையலாமா?

தூறல் தாங்கும், கொட்டுகிற மழை தாங்காது. முதலில் போவது ஜாய்ஸ்டிக், அதன் ரப்பர் உறை கிழிந்திருந்தால் உடனே மாற்றுங்கள், அதுவரை பிளாஸ்டிக் கவர் கட்டிக்கொள்ளலாம். சென்சார் கண்ணாடியில் சேறு ஒட்டினால் எதிரே எப்போதும் சுவர் இருப்பதாக நினைத்து வண்டி கிளம்பாது, மெத்தென்ற துணியால் துடையுங்கள், போதும். தேங்கிய தண்ணீரில் சக்கரத்தின் நடு அச்சு மூழ்கும் ஆழம் என்றால் இறங்காதீர்கள். நனைந்துவிட்டால் ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, பிறகு சார்ஜ் போடுங்கள்.